வேலிக்குள் நிற்கும் கோபுரத்தின் உயரம்: கோணத்தில் ஒரு பாகை மாறினால் விடையில் 6 மீட்டர் மாறுவது ஏன்?

கேள்வி

வணக்கம். அடிப்பகுதியை நெருங்க முடியாதபடி சுற்றிலும் வேலியிடப்பட்டுள்ள ஓர் இரும்புக் கோபுரத்தின் உயரத்தை முக்கோணவியல் வழியாகக் கணக்கிட முயன்று வருகிறேன். பாகைமானி, உறிஞ்சுகுழல், நூல், நூலின் நுனியில் ஒரு சிறு எடை ஆகியவற்றைக் கொண்டு நானே செய்த சாய்வுமானியைப் பயன்படுத்துகிறேன். அடியிலிருந்து நான் நிற்கும் இடம்வரையுள்ள தூரத்தை அளக்க வழியில்லாததால், கோபுரத்தை நோக்கிய ஒரே நேர்கோட்டில் இரண்டு இடங்களைத் தேர்ந்து, அவற்றுக்கு இடையேயுள்ள தூரத்தை நாடாவால் அளந்து, இரண்டு இடங்களிலிருந்தும் உச்சியின் ஏற்றக்கோணத்தைக் குறித்துக்கொண்டேன்.

முதல் நாள் தொலைவிலுள்ள இடத்தில் 28 பாகையும் அருகிலுள்ள இடத்தில் 40 பாகையும் கிடைத்தன. இடைத்தூரம் 20 மீட்டர். கணக்கிட்டபோது கண்மட்டத்துக்கு மேல் 29.0 மீட்டர் வந்தது. கண்ணின் உயரமான 1.5 மீட்டரைக் கூட்டினால் 30.5 மீட்டர். மறுநாள் அதே இரண்டு இடங்களில் நின்று மீண்டும் அளந்தபோது 29 பாகையும் 39 பாகையும் கிடைத்தன. இப்போது விடை 36.6 மீட்டர் என்று வருகிறது. ஒவ்வொரு கோணமும் ஒரே ஒரு பாகைதான் மாறியிருக்கிறது; கோபுரமோ ஒரே இரவில் 6 மீட்டர் வளர்ந்துவிட்டது. சூத்திரத்தை நான் தவறாகப் பயன்படுத்துகிறேனா, அல்லது இந்த முறையே நம்பத்தகாததா? கோணங்களைத் துல்லியமாக அளக்கும் தியோடலைட் போன்ற கருவி எதுவும் இல்லாமல் இதைவிடச் சிறப்பாக அளக்க வழி உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

கணக்கிட இத்தனை தொல்லை எதற்கு? ஏற்றக்கோணம் சரியாக 45 பாகை காட்டும் இடம்வரை நடந்து செல்லுங்கள். 45 பாகையின் டேன்ஜென்ட் 1 என்பதால், அங்கிருந்து அடிவரையுள்ள தூரமே கண்மட்டத்துக்கு மேலுள்ள உயரமாகும். மேலும், ஒரே இடத்திலிருந்து அளக்கும்போது கோணப்பிழை விடையை மிகக் குறைவாகப் பாதிப்பதும் 45 பாகையில்தான்.

மறுமொழி 2

மேலே சொல்லப்பட்டது உண்மைதான். ஆனால் அடிவரையுள்ள தூரத்தை அளக்க முடிந்தால் மட்டுமே அது உதவும். வேலி இருப்பதைக் கேள்வி கேட்டவர் முதல் வரியிலேயே சொல்லிவிட்டார்.

கேள்விக்கு வருகிறேன். தங்கள் சூத்திரமும் சரி, கணக்கும் சரி. அருகிலுள்ள இடத்திலிருந்து அடிவரையுள்ள கிடைத்தூரம் என்பது உயரத்தை அந்த இடத்துக் கோணத்தின் கோடேன்ஜென்டால் (1ஐ டேன்ஜென்டால் வகுத்தால் கிடைப்பது) பெருக்கினால் கிடைப்பது. தொலைவிலுள்ள இடத்துக்கும் அவ்வாறே. இவ்விரு தூரங்களின் வேறுபாடுதான் நாடாவால் அளந்த 20 மீட்டர். ஆகவே உயரம் = இடைத்தூரம் ÷ (தொலைக்கோணத்தின் கோடேன்ஜென்ட் − அண்மைக்கோணத்தின் கோடேன்ஜென்ட்).

சிக்கல் அந்தக் கழித்தலில்தான் ஒளிந்திருக்கிறது. 28 பாகையின் கோடேன்ஜென்ட் 1.881, 29 பாகையினுடையது 1.804, மாற்றம் ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே. 40 பாகைக்கு 1.192, 39 பாகைக்கு 1.235, இங்கும் மாற்றம் 4 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. ஆனால் முதல் நாள் வேறுபாடு 0.689, மறுநாள் வேறுபாடு 0.569, அதாவது 17 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கிவிட்டது. ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டு எண்களைக் கழிக்கும்போது எண்கள் சிறுத்துவிடுகின்றன, அவற்றில் இருந்த பிழைகளோ சிறுப்பதில்லை. அந்தச் சிறுத்த எண்ணால் 20 மீட்டரை வகுக்கும்போது பிழை முழுவதும் உயரத்தில் வந்து விழுகிறது.

இதில் கவனிக்கவேண்டியது இன்னும் ஒன்று உண்டு. மறுநாள் தங்கள் இரண்டு கோணங்களும் எதிரெதிர்த் திசைகளில் பிசகியிருக்கின்றன. ஒன்று கூடியது, மற்றொன்று குறைந்தது. இரண்டும் ஒரு பாகை கூடியிருந்தால், அதாவது 29 பாகை, 41 பாகை என்று கிடைத்திருந்தால், கண்மட்டத்துக்கு மேல் 30.6 மீட்டர்தான் வந்திருக்கும். இரண்டு கோணங்களுக்கும் சம மதிப்பு இல்லை என்பதையும் பாருங்கள். தொலைக்கோணம் மட்டும் 29 ஆகியிருந்தால் விடை 32.7 மீட்டர், அண்மைக்கோணம் மட்டும் 39 ஆகியிருந்தால் 31.0 மீட்டர். தொலைவில் நின்று எடுக்கும் கோணத்தில் நேரும் பிழை ஏறக்குறைய இருமடங்கு கேடு செய்கிறது. ஆகவே பத்து முறை அளக்கப் பொறுமை இருக்குமானால் அவற்றுள் ஏழு முறையைத் தொலைவிடத்தில் செலவிடுங்கள்.

தீர்வு எளிது: இரண்டு இடங்களையும் ஒன்றைவிட்டு ஒன்று நன்றாக விலக்குங்கள். வேலி எவ்வளவு நெருங்க விடுகிறதோ அவ்வளவு நெருங்கி, அண்மைக்கோணத்தை 60 பாகை அளவுக்குக் கொண்டுவர முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைவிடம் பழைய இடமாகவே இருக்கட்டும். அப்போது இடைத்தூரம் சுமார் 38 மீட்டராக இருக்கும். 28 பாகை, 60 பாகை என்ற அளவுகளுக்கு உயரம் 29.2 மீட்டர். அதே ஒரு பாகைப் பிழையை அதே எதிர்த்திசைகளில் செய்து 29, 59 என்று குறித்தாலும் 31.6 மீட்டர்தான் வருகிறது. 6 மீட்டராக இருந்த தடுமாற்றம் இரண்டரை மீட்டருக்குள் அடங்கிவிட்டது, அதுவும் கருவியை மாற்றாமலேயே.

கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பாடப்புத்தகக் கணக்குகளில் கோணங்கள் எப்போதும் 30, 45, 60 பாகைகளாகவே வரும். மூன்றின் வர்க்கமூலத்தை 1.732 என்று போட்டுவிட்டால் கணக்கு முடிந்துவிடும். அந்த 30 பாகை உண்மையில் 31 ஆக இருந்திருந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்பதே இல்லை. தாங்கள் இரண்டாம் முறை அளந்து பார்த்ததால்தான் இந்தக் கேள்வியே எழுந்திருக்கிறது.

மறுமொழி 3

நில அளவைத் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் நான். மேலே உள்ள விளக்கத்தோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனாலும் கருவியை மாற்றாமல் இருப்பதற்கு நான் உடன்படமாட்டேன்.

பள்ளிப் பாகைமானியின் ஆரம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். அதன் விளிம்பில் ஒரு பாகை என்பது 0.9 மில்லிமீட்டர்கூட இல்லை. தாங்கள் கட்டியிருக்கும் நூலின் தடிமனே அதில் பாதியை விழுங்கிவிடும். இதற்குப் பதிலாக 40 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்விளிம்பு வழியாக உச்சியைப் பார்க்கவேண்டும். கண்ணுக்கு எதிர்ப்புறமுள்ள மேல்மூலையில், அதாவது கோபுரத்தின் பக்கமாக இருக்கும் மூலையில், தூக்குநூலைக் கட்டுங்கள். பலகையைக் கிடைமட்டமாகப் பிடித்தால் நூல் பக்கவிளிம்பை ஒட்டித் தொங்கும். உச்சியை நோக்கிப் பலகையைச் சாய்க்கும்போது நூல் கீழ்விளிம்பின்மேல் கண்ணின் பக்கமாக நகரும். கீழ்விளிம்பில், தூக்குநூல் கட்டிய மூலைக்கு நேர்கீழ் மூலையிலிருந்து நூல்வரையுள்ள நீளத்தை 40 ஆல் வகுத்தால் ஏற்றக்கோணத்தின் டேன்ஜென்ட் நேரடியாகக் கிடைத்துவிடும். கோணம் 45 பாகையைத் தாண்டினால் நூல் கண்பக்கத்து விளிம்பை வெட்டும். அங்கே மேல்மூலையிலிருந்து அளந்த நீளத்தை 40 ஆல் வகுத்தால் கிடைப்பது கோடேன்ஜென்ட். கோணத்தைப் பாகையில் படித்து, பிறகு அட்டவணையைத் தேடவேண்டிய தேவையே இல்லை. 40 பாகைக்கு அருகில் ஒரு பாகை மாற்றம் இந்தப் பலகையில் 12 மில்லிமீட்டராக விரிந்து தெரியும்.

நூல் காற்றில் ஆடும் என்பது பலருடைய முறையீடு. கொத்தனார் பயன்படுத்தும் கனமான தூக்குக்குண்டைக் கட்டி, குண்டு மட்டும் ஒரு வாளித் தண்ணீருக்குள் மூழ்கும்படி வைத்துப் பாருங்கள்; ஆட்டம் சில நொடிகளில் அடங்கிவிடும். பலகையைக் கையில் பிடிப்பதை விடவும் ஒரு கம்பத்தில் ஒற்றை ஆணியால் சுழலும்படி பொருத்துவது மேலானது.

கருவியின் சுழிப்பிழையையும், அதாவது சுழியைக் காட்டவேண்டிய நிலையில் அது காட்டும் பிசகையும், சோதித்துவிடுங்கள். சம உயரமுள்ள இரண்டு கம்பங்களைச் சில பத்து மீட்டர் இடைவெளியில் நட்டு, முதல் கம்பத்தின் தலையிலிருந்து இரண்டாவதன் தலையையும், பிறகு இரண்டாவதிலிருந்து முதலாவதையும் பார்க்கவேண்டும். கருவி பழுதற்றதாக இருந்தால் ஒன்றில் காணும் ஏற்றம் மற்றதில் காணும் இறக்கத்துக்குச் சரியாக இருக்கும். இல்லையேல் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதிதான் சுழிப்பிழை. தியோடலைட்டில் தொலைநோக்கியைத் திருப்பிப் போட்டு இருமுகங்களிலும் படிப்பதும் இதே போன்ற பிழையை நீக்குவதற்காகத்தான்.

தரை மட்டமாக இருந்ததா என்பதைத் தாங்கள் குறிப்பிடவில்லை. கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் திடல்கூடப் பெரும்பாலும் மட்டமாக இருப்பதில்லை. தங்கள் முதல் நாள் அளவுகளையே எடுத்துக்கொண்டால், தொலைவிடம் அருகிடத்தைவிட அரை மீட்டர் தாழ்ந்திருந்து அதைத் தாங்கள் கவனிக்கவில்லை என்றால், உயரம் ஏறத்தாழ 1.4 மீட்டர் மிகையாக வந்திருக்கும். ஒளிபுகும் நெகிழ்குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளிலும் மட்டம் பார்த்தால் இந்த வேறுபாட்டைச் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் கண்டுவிடலாம். சரிவில் நாடாவைப் படுக்கவைத்து அளப்பதும் தவறு. கிடைத்தூரம்தான் கணக்குக்கு உரியது.

பின்னோக்கி நகர இடமில்லாதவர்களுக்கு ஒரு வழி: இரண்டு இடங்களையும் கோபுரத்தை நோக்கிய கோட்டில் எடுக்காமல் பக்கவாட்டில் எடுங்கள். 40 மீட்டர் அடிக்கோட்டின் இரு முனைகளிலும் கோபுரத்துக்கான கிடைக்கோணங்கள் 70, 65 பாகை என்றால் மூன்றாவது கோணம் 45 பாகை. சைன் விதிப்படி 70 பாகை முனையிலிருந்து கோபுரம்வரை 51.3 மீட்டர். பிறகு அந்த ஓர் இடத்தில் ஏற்றக்கோணத்தை எடுத்தால் போதும். கிடைக்கோணங்களை ஒரு மேசையில் தாள் விரித்து, ஊசி குத்திக் கோடு வரைந்தே துல்லியமாகக் காணலாம். 1802இல் வில்லியம் லாம்ப்டன் இந்தியாவில் தொடங்கிவைத்த பெரும் முக்கோணவியல் அளவையும் இதே கருத்தின்மேல் எழுந்ததுதான்: ஓர் அடிக்கோட்டை மிகுந்த கவனத்தோடு சங்கிலியால் அளந்துகொள்வது, மற்ற தூரங்களைக் கோணங்களாலேயே பெறுவது.

மறுமொழி 4

அந்த அளவையைப் பற்றிய பேச்சு வந்ததால் ஓர் ஐயம். புவியின் வளைவைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?

மறுமொழி 3 எழுதியவர்

இந்தக் கோபுரத்துக்கு வேண்டியதில்லை. ஒரு கிலோமீட்டர் தூரத்தில்கூட வளைவினால் வரும் திருத்தம் 8 சென்டிமீட்டர்தான். ஆனால் அது தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. எவரெஸ்ட் சிகரத்தை 160 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து பார்த்தபோது வளைவு மட்டுமே சுமார் 2,000 மீட்டரை மறைத்தது. காற்றில் ஒளி வளைவதற்கான திருத்தம் அதற்கு எதிர்த்திசையில் வேறு. அந்த அளவையின் கணக்கீட்டாளரான இராதாநாத் சிக்தார் உள்ளிட்டோர் இவற்றையெல்லாம் சரிசெய்து பெற்று, 1856இல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி, அதாவது சுமார் 8,840 மீட்டர். 2020இல் அறிவிக்கப்பட்ட 8,848.86 மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அவர்களுடைய திறம் விளங்கும்.

மறுமொழி 5

கோணமே அளக்காமல் செய்யும் முறை ஒன்றைச் சொல்கிறேன். வெயில் வேண்டும், கோபுரத்தின் நிழல் நுனி வேலிக்கு வெளியே மட்டமான தரையில் விழவேண்டும், அவ்வளவுதான். 2 மீட்டர் நீளக் கோல் ஒன்றைச் செங்குத்தாக நட்டு, கோலின் நிழல் நுனியையும் கோபுரத்தின் நிழல் நுனியையும் ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு நுனிகளையும் மறுபடியும் குறியுங்கள். கோலின் நிழல் நுனி 60 சென்டிமீட்டர் நகர்ந்திருக்க, கோபுரத்தின் நிழல் நுனி 9 மீட்டர் நகர்ந்திருந்தால், கோபுரம் கோலைப் போல் 15 மடங்கு உயரம், அதாவது 30 மீட்டர். இரண்டு நுனிகளும் வரையும் தடங்கள் வடிவொத்தவை என்பதால் கோபுரத்தின் அடி எங்கே இருக்கிறது என்பதே தேவைப்படுவதில்லை.

பிரமிடின் உயரத்தை நிழலால் பண்டைக் கிரேக்க அறிஞர் தேலீஸ் அளந்தார் என்ற கதையைப் பலரும் அறிவர். ஆனால் பிரமிடு விரிந்த அடியுடையது. உச்சிக்கு நேர்கீழான புள்ளி கல்லுக்குள் நூறு மீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. வேலிக்குள் இருக்கும் கோபுரத்தின் சிக்கலும் அதுவே. கி.பி. 499இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தில் இரண்டு கோல்களின் நிழல்களைக் கொண்டு விளக்கின் உயரத்தையும் தொலைவையும் காணும் விதி உள்ளது. கி.பி. 263இல் சீனக் கணித அறிஞர் லியூ ஹுய் கடலுக்கு அப்பாலுள்ள தீவின் உயரத்தை இரண்டு கம்பங்களின் வழியே கணக்கிட்டுக் காட்டினார். கோடேன்ஜென்ட் என்பது ஓரலகுக் கோல் வீழ்த்தும் நிழலின் நீளமே என்பதை நினைத்துக்கொண்டால், கேள்வி கேட்டவர் பயன்படுத்தும் கழித்தல் இவர்களுடைய கணக்கிலும் இருப்பது தெரியும்.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. சூரியன் வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டம் என்பதால் உயரமான பொருளின் நிழல் நுனி மங்கலாகவே விழும். 30 மீட்டர் கோபுரத்தின் நிழலில், சூரியன் 45 பாகையில் இருக்கும்போது, அந்த மங்கல் அரை மீட்டருக்கும் அதிகம். இரண்டு முறையும் மங்கலின் ஒரே பகுதியைக் குறித்தால் இதனால் வரும் பிழை பெரும்பாலும் நீங்கிவிடும்.

மறுமொழி 6

இதே முறையை மரங்களுக்குப் பயன்படுத்த எண்ணுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டேன்ஜென்ட் முறை, உச்சி அடிக்கு நேர்மேலே இருப்பதாகக் கொள்கிறது. கோபுரத்துக்கு அது பொருந்தும், படர்ந்த மரத்துக்குப் பொருந்தாது. 30 மீட்டர் தொலைவிலுள்ள மரத்தில் நாம் உச்சி என்று நினைத்துப் பார்ப்பது நம் பக்கம் 5 மீட்டர் நீண்டிருக்கும் ஒரு கிளையின் நுனியாக இருக்கலாம். அது கண்மட்டத்துக்கு மேல் 20 மீட்டரில் இருந்தால் கணக்கு அதை 24 மீட்டராகக் காட்டும். லேசர் தொலைவுமானியால் அந்த நுனிவரையுள்ள சாய்தூரத்தையே அளந்து, அதைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் இந்தப் பிழை எழாது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. 40 சென்டிமீட்டர் பலகையைச் செய்து, கனமான தூக்குக்குண்டைக் கட்டி, குழாய்வைத்து மட்டம் பார்த்து, மட்டமான வேறொரு கோட்டில் மீண்டும் அளந்தேன். பழைய கோட்டில் தொலைவிடம் உண்மையிலேயே தாழ்ந்துதான் இருந்தது, நான் கவனித்திருக்கவில்லை.

இம்முறை இடைத்தூரம் 36 மீட்டர். தொலைவிடத்தில் ஏழு முறை பார்த்ததில் கீழ்விளிம்பின் அளவு 21.1 முதல் 21.4 சென்டிமீட்டர்வரை அமைந்தது. அருகிடத்தில் நூல் கண்பக்கத்து விளிம்பை 24.3 முதல் 24.5 சென்டிமீட்டருக்குள் வெட்டியது. பிழைகள் எதிரெதிராகச் சேரும் மிக மோசமான நிலையை இருபுறமும் போட்டுப் பார்த்துவிட்டேன்; கண்ணின் உயரத்தையும் கூட்டினால் கோபுரம் 29.4 மீட்டருக்கும் 30.2 மீட்டருக்கும் இடையில் வருகிறது. நிழல் முறையைச் செய்து பார்க்க வானம் தெளியவேண்டும். நான்கு நாட்களாக மூட்டமாகவே இருக்கிறது.